வினாவின் இலக்கணமும் வினவும் உரிமையும்: ஹடிய்யா மொழியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

1

வினா என்பது வாக்கிய வகைகளுள் ஒன்று என இலக்கண நூல்கள் நமக்குக் கற்பிக்கின்றன. ஒரு மொழியை விவரிக்கப் புகும் ஆய்வாளர் ஒலியன், உருபன், சொல்வகை என்பவற்றைக் கடந்து தொடரியலுக்கு வந்ததும், வினா வாக்கியம் எவ்வாறு அமைகின்றது என்பதற்குச் சில பக்கங்களை ஒதுக்குவார். 'ஆம்', 'இல்லை' என்னும் விடைகளை வேண்டும் வினா எது, 'யார்', 'என்ன' போன்ற சொற்களைக் கொண்ட வினா எது, விகுதி எங்கே சேர்கின்றது, ஓசை எங்கே உயர்கின்றது என்பன அப்பக்கங்களிற் கூறப்படும். பின்னர் எதிர்மறை வாக்கியத்துக்கு நூல் நகர்ந்துவிடும். இவ்விவரணம் இன்றியமையாதது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இவ்விவரணத்தில் இடம்பெறாத ஒன்று உண்டு. யார் யாரை வினவலாம், யார் விடை கூறுவதற்கு மட்டுமே உரியவர் என்பதே அது.

இவ்விடுபாடு தற்செயலானதன்று. மொழியை அதனைப் பேசும் மாந்தரின் சமூக உறவுகளிலிருந்து பிரித்தெடுத்து, தன்னளவில் முழுமைபெற்ற ஒரு குறியமைப்பாகக் காணும் நோக்கின் தவிர்க்கவியலாத விளைவே அது. எதியோப்பியாவின் தென்பகுதியில் வழங்கும் ஹடிய்யா மொழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிறிது விரிவாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நமக்கு அறிமுகமற்ற அம்மொழியைத் தேர்ந்தமைக்குக் காரணமுண்டு. ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துள் அம்மொழி பேசுவோர் படையெடுப்பு, நிலப்பிரபுத்துவம், அந்நிய ஆக்கிரமிப்பு, புரட்சி, இராணுவ ஆட்சி, கூட்டாட்சி ஆகிய யாவற்றையும் கண்டுள்ளனர். ஒவ்வொரு கட்டத்திலும் வினவுவோன் மாறினான். வினாவின் இலக்கணம் பெரிதும் மாறவில்லை. இம்முரண்பாடே நமது கவனத்துக்குரியது.

2

ஹடிய்யா, ஆபிரிக்க-ஆசிய மொழிக் குடும்பத்தின் குஷித்தியக் கிளையைச் சார்ந்தது. அக்கிளையுள் மேட்டுநிலக் கிழக்குக் குஷித்தியம் எனப்படும் பிரிவில் சிடாமா, கம்பாட்டா, கெதெயோ, புர்ஜி முதலியவற்றோடு அது வைத்து எண்ணப்படும். அடிஸ் அபாபாவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 230 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஹொசானா நகரையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் மையமாகக் கொண்டு பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இதனைப் பேசுகின்றனர்.

தமிழ் வாசகருக்கு இம்மொழியின் தொடரமைப்பு வியப்பளிக்காது. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் ஒழுங்கில் வினை இறுதியில் வருகின்றது. இலக்கண உறவுகள் பெரும்பாலும் சொல்லின் ஈற்றிற் சேரும் விகுதிகளால் உணர்த்தப்படுகின்றன. 'ஆம்', 'இல்லை' விடையை வேண்டும் வினாவும் வினைமுற்றின் ஈற்றில் ஒரு விகுதி சேர்வதாலேயே அமைகின்றது. உடன்பிறப்பு மொழிகளான சிடாமாவில் 'நி' என்பதும் கம்பாட்டாவில் 'ண்டோ' என்பதும் இப்பணியைச் செய்கின்றன. 'வந்தான்' என்பதை 'வந்தானா' ஆக்கும் நமது ஆகாரத்தோடு இவற்றை ஒப்பிடலாம். 'என்ன' என்னும் பொருள்தரும் சொற்கள் இப்பிரிவில் மகர ஒலியில் தொடங்குகின்றன. ஒரோமோவின் 'மால்', அம்ஹாரியத்தின் 'மின்', அரபியின் 'மா' என்பவற்றோடு சேர்த்து நோக்கும்போது, இம்மகரம் ஆபிரிக்க-ஆசியக் குடும்பம் முழுவதற்கும் உரிய மிகப் பழைய சொத்து என்பது தெளிவாகும். பேரரசரும் குடியானவரும், அதாவது அம்ஹாரியம் பேசிய நிலவுடைமையாளரும் ஹடிய்யா பேசிய உழவரும், 'என்ன' என்று கேட்பதற்கு ஒரே மூலத்திலிருந்து வந்த சொற்களையே கொண்டிருந்தனர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. மொழி முழுவதுமே மேற்கட்டுமானம், அதன் இலக்கணமும் வர்க்கத் தன்மையுடையது என்று சோவியத் நாட்டில் என். வை. மார் முன்வைத்த கொள்கை ஒரு காலத்திற் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1950இல் ஸ்டாலின் அதனை நிராகரித்தார். அந்நிராகரிப்பின் அரசியற் சூழல் எதுவாயினும், இப்பொருளில் மார் பிழைபட்டவர் என்பதை ஏற்றாகவேண்டும். ஹடிய்யாவின் வினா விகுதியை எந்த வர்க்கமும் படைக்கவில்லை. செல்வனும் வறியவனும் அதே விகுதியையே வினைமுற்றின் ஈற்றிற் சேர்க்கின்றனர். எனவே இலக்கணத்தை நேரடியாகவே பொருளாதாரத்தின் நிழலாகக் காட்டும் கொச்சைச் சமூகவியலுக்கு இங்கு இடமில்லை. ஆனால் 1929இல் வொலோஷினோவ் சுட்டிக்காட்டிய மற்றோர் உண்மையும் உண்டு. கூற்று எதுவாயினும் அது ஒருவரை நோக்கிச் சொல்லப்படுவது. சொல் என்பது சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் இடையிலான பாலம். ஆகவே இருவருக்குமிடையேயுள்ள சமூகத் தொலைவு கூற்றின் உள்ளேயே பதிவாகின்றது. வினாவைப் பொறுத்தவரை இது இருமடங்கு பொருந்தும். விடை கூறுவதற்கு எதிரே ஒருவர் இல்லாதவிடத்து வினா வினாவாகாது.

நமது மரபிலக்கணம் இதனை ஒருவகையில் உணர்ந்திருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுத்தபோது விகுதியை அளவுகோலாகக் கொள்ளவில்லை. வினவுவோனது நோக்கத்தையும் அவனுக்கும் எதிரிலுள்ளவனுக்குமுள்ள உறவையுமே அளவுகோலாகக் கொண்டார். ஆசிரியனும் மாணவனும், கொள்வோனும் வணிகனும், ஈவோனும் இரப்போனும், ஏவுவோனும் ஏவல் கேட்போனும் அப்பகுப்பின் பின்னால் நிற்கின்றனர். ஏவப்படுபவன் திருப்பி வினவலாமா என்பதை மட்டும் இலக்கணம் கேட்கவில்லை. கேட்டிருப்பின் அது இலக்கணத்தின் எல்லையைக் கடந்து சமூகத்தின் எல்லைக்குள் நுழைந்திருக்கும். இவ்வாறு வகைப் பகுப்பை ஒரு கருவியாகக் கொண்டு ஹடிய்யாவின் வரலாற்றை அணுகுவோம்.

3

1880களிலும் 1890களிலும் ஷோவாவின் அரசராகவும் பின்னர் பேரரசராகவும் விளங்கிய மெனலிக்கின் படைகள் தெற்கு நோக்கி முன்னேறி, ஹடிய்யா, கம்பாட்டா, வொலாய்ட்டா, சிடாமா முதலிய நாடுகளைப் பேரரசோடு இணைத்தன. கபேனாவைச் சேர்ந்த ஹசன் எஞ்சாமோவின் தலைமையில் எழுந்த எதிர்ப்பு முறியடிக்கப்பட்டது. வென்ற படையினர் அங்கேயே குடியமர்த்தப்பட்டனர். 'நெஃப்தெஞ்ஞா', அதாவது துப்பாக்கியுடையோன், என்று அவர்கள் அழைக்கப்பட்டனர். உழவர்கள் குடும்பம் குடும்பமாக அவர்களுக்கு ஒதுக்கப்பட்டு, திறையும் ஊழியமும் செலுத்தும் 'கப்பார்'களாயினர். தமது மூதாதையரின் நிலத்தில் அவர்கள் பிறருக்கு உழைக்கவேண்டியவர்களாயினர்.

இம்மாற்றத்தின் மொழிப் பரிமாணம் நீதிமன்றிலேயே மிகத் தெளிவாக வெளிப்பட்டது. எதியோப்பிய வடபுலத்தின் மரபுவழி வழக்காடலில் வினா ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது. 'தெதெய்யெக்', அதாவது 'வினவப்படுவாயாக', என்னும் விளியோடு எதிராளியை முன்னிறுத்தி, வினாவும் விடையுமாக வழக்கை நடத்தும் முறை அது. 'பெலா லிபெல்ஹா' எனப்படும் வகையில் எதுகையும் இரட்டுறமொழிதலும் விரவிய செய்யுள் நடையிலே வாதம் நிகழும். கேட்போர் திரண்டு நின்று சொல்லாற்றலைச் சுவைப்பர். வாய்மொழி இலக்கியத்தின் ஓர் உயர் வடிவமாக இதனைக் கொள்ளுதல் தகும். இதன் அழகியற் பெறுமானத்தை மறுப்பதற்கில்லை.

ஆனால் இக்கலையின் மொழி அம்ஹாரியம். இணைக்கப்பட்ட தெற்கிலும் ஆட்சியினதும் நீதியினதும் மொழி அதுவே. ஹடிய்யா உழவர் ஒருவர் தமது நிலத்துக்காக மன்றேறியபோது மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வாய்வழியே பேசவேண்டியிருந்தது. எதுகையும் இரட்டுறமொழிதலும் மொழிபெயர்ப்பில் உயிர் தரிப்பதில்லை. தம்மை நோக்கி எறியப்பட்ட வினாவின் நயத்தை அவர் உணர வாய்ப்பில்லை. தாம் தொடுக்க எண்ணிய வினா, வினாவாகவன்றி ஓர் அறிக்கையாகவே மறுபக்கம் சென்றடையும். அழகியல் இங்கே நடுநிலையானதாக இருக்கவில்லை. வடபுல உழவனுக்கு ஆயுதமாகக்கூடிய அதே கலை, தென்புல உழவனுக்கு மதிலாயிற்று. இலக்கிய வடிவமொன்றின் சமூகப் பயனை அவ்வடிவத்தின் உள்ளமைப்பிலிருந்து மட்டும் கணித்துவிட முடியாது என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பேரரசின் மொழிக்கொள்கை இந்நிலையைப் பின்னர் சட்டமாக்கியது. 1944ஆம் ஆண்டு மிஷனரிமார் தொடர்பாக வெளியான ஆணை, கற்பித்தலின் பொது மொழி அம்ஹாரியமே என விதித்தது. 1955ஆம் ஆண்டின் திருத்திய அரசியலமைப்பு அதனை ஆட்சிமொழி என வெளிப்படையாகவே அறிவித்தது. பாடசாலைக்குச் சென்ற ஹடிய்யாக் குழந்தை ஆசிரியரின் வினாவை முதலில் மொழியாகப் புரிந்துகொள்ளவேண்டியிருந்தது. அதன் பின்னரே விடையைப் பற்றிச் சிந்திக்கலாம்.

4

ஹடிய்யாவும் அதன் உடன்பிறப்பு மொழிகளும் இலக்கண நூல்களுள் எவ்வாறு நுழைந்தன என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. 1936 முதல் 1941 வரை எதியோப்பியா பாசிச இத்தாலியின் ஆக்கிரமிப்பில் இருந்தது. என்ரிக்கோ செருல்லி சிடாமா மொழியையும் வரலாற்றையும் பற்றி எழுதிய நூல் 1938இல் வெளிவந்தது. மார்ட்டினோ மாரியோ மொறேனோவின் சிடாமா மொழிக் கைந்நூல் 1940இல் மிலானில் அச்சாயிற்று. செருல்லி இத்தாலியக் கிழக்கு ஆபிரிக்காவின் துணை ஆளுநர் நாயகமாகவும் பதவி வகித்தவர். இவர்களின் புலமையைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. குஷித்திய மொழியியல் இவர்களுக்குப் பெரிதும் கடமைப்பட்டுள்ளது. அப்புலமை எத்தகைய உறவினுள் நிகழ்ந்தது என்பதே நமது வினா.

களத்தில் மொழித்தரவு திரட்டும் முறையைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆய்வாளர் வினவுகின்றார், தகவலாளர் விடை கூறுகின்றார். "நீ எங்கே போகிறாய் என்பதை உங்கள் மொழியில் எவ்வாறு சொல்வீர்கள்?" என்று ஆய்வாளர் கேட்கத் தகவலாளர் சொல்லும் வாக்கியம் ஏட்டிற் பதிவாகின்றது. அவ்வாக்கியம் வடிவத்தில் வினா. நிகழ்ந்த சூழலிலோ அது விடை. அவர் எவரையும் எதனையும் கேட்கவில்லை. இவ்வாறு திரட்டப்பட்ட வினா வாக்கியங்கள் அனைத்தும் உண்மையில் விடைகளே. இலக்கண நூலின் 'வினா வாக்கியம்' என்னும் இயல் முழுவதும், வினவாத மாந்தர் கூறிய வினாக்களாலேயே நிரம்பியுள்ளது எனின் அது மிகையாகாது. ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்ந்த ஒருவர் ஆளுநரின் ஆய்வாளரை நோக்கி "நீங்கள் ஏன் இங்கு வந்தீர்கள்?" என்று கேட்டிருப்பின், அதுவே முதலாவது உண்மையான வினா வாக்கியமாக அமைந்திருக்கும். இத்தகைய வாக்கியத்தை எந்த முறையியலும் எதிர்பார்ப்பதில்லை.

இதற்கு மாற்றான தரவு வாய்மொழி இலக்கியத்திலேயே கிடைக்கின்றது. 1980இல் ஹடிய்யாவின் வரலாற்றை விரிவாக எழுதிய ஜேர்மன் ஆய்வாளர் உல்ரிச் பிரௌகெம்பர், திலாஹுன் மிஷாகோவுடன் இணைந்து 1999இல் ஹடிய்யாக் கதைப்பாடல்களின் தொகுதியொன்றை வெளியிட்டார். புகழ்தலும் எள்ளலும் என்பதே அதன் பெயர்ப்பொருள். இத்தகைய பாடல்களிற் பாடுவோரே யாரை முன்னிலைப்படுத்துவது எனத் தீர்மானிக்கின்றனர். புகழ்ச்சியும் எள்ளலும் ஒருவரை நேரே பார்த்துச் சொல்லப்படுவன. விகுதிகளைக் கற்க இலக்கண நூல் போதும். அவ்விகுதிகள் யாரை நோக்கித் திரும்புகின்றன என்பதை அறியப் பாடல்களிடமே செல்லவேண்டும்.

5

வினவும் உரிமை வர்க்கத்தால் மட்டுமன்றி பாலாலும் வரையறுக்கப்பட்டது. கம்பாட்டா, சிடாமா உள்ளிட்ட மேட்டுநிலச் சமூகங்களில் 'பல்லிஷ்ஷ' என்னும் வழக்கம் நிலவிவந்தது. திருமணமான பெண் தன் கணவனின் பெற்றோர் முதலானோரின் பெயர்களை உச்சரிக்கக்கூடாது. அதனோடு நின்றுவிடாமல், அப்பெயர்களின் முதலசையோடு தொடங்கும் ஏனைய சொற்களையும் அவள் தவிர்க்கவேண்டும். அவற்றுக்குப் பதிலாக வேறு சொற்களையோ விளக்கத் தொடர்களையோ அவள் பயன்படுத்துவாள். கம்பாட்டாப் பெண்களின் இவ்வழக்கத்தை இவோன் திரைஸ் 2005இல் விரிவாக ஆராய்ந்துள்ளார். இளந்தலைமுறையினரிடையே இது அருகிவருகின்றது.

கணவன் பெயரைச் சொல்லாத வழக்கம் நமது சமூகத்துக்கும் புதியதன்று. எனினும் இவ்வழக்கம் பெயரைக் கடந்து அகராதிக்குள்ளேயே ஊடுருவுகின்றது. ஒரு வீட்டில் ஆண் கேட்கும் எளிய வினாவை, அதே வீட்டின் மருமகள் வேறு சொற்களைக் கொண்டு சுற்றிவளைத்தே கேட்கவேண்டும். விகுதி ஒன்றே, அவ்விகுதியைச் சென்றடையும் பாதை வேறு. அதே வேளை, இத்தடையினால் அப்பெண்கள் ஊமைகளாகிவிடவில்லை என்பதும் நோக்கத்தக்கது. மாற்றுச் சொற்களின் செழிப்பான களஞ்சியமொன்றை அவர்கள் உருவாக்கித் தலைமுறை தலைமுறையாகக் கையளித்தனர். ஒடுக்குமுறை அதனுள்ளேயே ஆக்கத்தைத் தோற்றுவிப்பதையும், அவ்வாக்கம் ஒடுக்குமுறையைப் பேணவும் உதவுவதையும் இங்கு ஒருங்கே காண்கின்றோம்.

விடுகதை பிறிதொரு சான்று. அம்ஹாரிய விடுகதை விளையாட்டில் வினவுபவர் 'இன்கொக்கிலிஷ்' என்று தொடங்குவார். எதிரிலுள்ளவர் 'மின் அவ்கிலிஷ்', அதாவது 'உனக்காக நான் எதனை அறிவேன்?', என்று மறுமொழி கூறுவார். வினாவுக்கு முன்னரே மறுவினா அமைந்துவிடுகின்றது. விடுகதை சொல்லப்படும். விடை தெரியாவிடின் வினவியவர் 'எனக்கு ஒரு நாடு கொடு' என்று கேட்பார். தோற்றவர் ஒரு நாட்டையோ ஊரையோ பெயர் சொல்லிக் கொடுக்கவேண்டும். வென்றவர் அதனை விரும்பாவிடின் மறுத்து வேறொன்று கேட்கலாம். ஏற்றுக்கொண்ட பின்னரே விடை வெளிப்படும். ஒரோமோ மக்களிடையேயும் நாடு கொடுக்கும் இவ்வழக்கம் உண்டு.

மன்னன் தன் ஊழியர்க்கு ஊர்களையும் அவற்றின் வரியையும் மானியமாக வழங்கிய ஒரு சமூகத்திலே, விடை அறியாமைக்குரிய தண்டம் பொன்னாகவோ பொருளாகவோ அமையாது நாடாக அமைந்தமை சிந்தனைக்குரியது. இதனை நிலமானிய அமைப்பின் நேரடிப் பிரதிபலிப்பு என்று கூறுவது அவசர முடிவாகிவிடும். விடுகதை எந்த ஆட்சியைவிடவும் பழையதாக இருக்கலாம். ஆயினும் நாடு கைமாறும் ஒரு பண்டம், அங்கு வாழ்வோரைக் கேளாமலே அதனைக் கொடுக்கலாம், கொள்ளலாம் என்னும் கருத்து அவ்விளையாட்டிற் கேள்விக்கிடமின்றி ஏற்கப்பட்டுள்ளது. அதே விளையாட்டில் உழவன் பிள்ளையும் ஒரு மாலைப்பொழுதுக்கு ஒரு நாட்டுக்கு உரியவனாகின்றான். நிலமற்றோரின் கனவும் நிலமுடையோரின் கருத்தியலும் ஒரே வடிவத்துள் குடியிருப்பது நாட்டார் இலக்கியத்தின் இயல்பு.

6

1960களில் வினா தெருவுக்கு வந்தது. 1965இல் அடிஸ் அபாபாவின் பல்கலைக்கழக மாணவர் 'உழுபவனுக்கே நிலம்' என்ற முழக்கத்தோடு ஊர்வலம் சென்றனர். அதே தசாப்தத்தில் இப்ஸா குதெமா என்னும் ஒரோமோ மாணவர் பல்கலைக்கழகக் கவிதைப் போட்டியில் அம்ஹாரியக் கவிதையொன்றைப் படித்தார். 'எதியோப்பியன் யார்?' என்பது அதன் தலைப்பு. அதுகாறும் அவ்வினா ஆட்சியாளரால் கேட்கப்பட்டு ஆட்சியாளராலேயே விடையளிக்கப்பட்ட ஒன்று. பேரரசின் மொழியிலேயே, பேரரசரின் பெயர்தாங்கிய பல்கலைக்கழகத்திலேயே, இணைக்கப்பட்ட மக்களுள் ஒருவர் அதனைத் தம் வினாவாக்கினார்.

1969 நவம்பரில் வலெலிஞ் மெக்கொன்னன் மாணவர் ஏடான 'போராட்டம்' இதழில் எதியோப்பியத் தேசிய இனங்கள் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். அவர் வொல்லோவைச் சேர்ந்த அம்ஹாரர். எதியோப்பியா ஒரே தேசமன்று, பல தேசிய இனங்களைக் கொண்டது, எதியோப்பியனாக ஏற்கப்படுவதற்கு ஏனையோர் அம்ஹார முகமூடியை அணியவேண்டியுள்ளது என்பது அவரது வாதம். 1972 டிசம்பரில் விமானக் கடத்தல் முயற்சியொன்றின்போது அவர் கொல்லப்பட்டார். அக்கட்டுரை வாசகரை நோக்கிய வினாக்களாலேயே முன்செல்லும் பாங்குடையது. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்பதையும் குறிப்பிடவேண்டும். தாம் யாருக்காகக் குரலெழுப்பினாரோ அந்த உழவர்களுள் மிகச் சிலரே அதனை வாசித்திருக்க இயலும். முற்போக்கு எழுத்தின் இவ்வரம்பு எதியோப்பியாவுக்கு மட்டும் உரியதன்று.

இவ்விடத்தில் ஒரு சொல்லாய்வு பயனுடையது. 'நிலப் பிரச்சினை', 'தேசிய இனப் பிரச்சினை' என்று தமிழ் மார்க்சியர் வழங்குவதை அம்ஹாரியர் 'திய்யாக்கே' என்னும் சொல்லாற் குறிப்பர். அது கேட்டல் என்னும் பொருள்தரும் வினையடியிற் பிறந்தது. நீதிமன்றத்தின் 'தெதெய்யெக்' என்பதும் அதே அடியிற் பிறந்ததே. 'திய்யாக்கே' வினாவையும் கோரிக்கையையும் ஒருங்கே குறிக்கும். நாம் 'பிரச்சினை' என்றபோது அது எவரோ ஒருவர் தீர்த்துவைக்கவேண்டிய சிக்கலாகிவிடுகின்றது. 'திய்யாக்கே' எனின் அதனைக் கேட்பவர் யாரோ உளர் என்பது சொல்லிலேயே அடங்கியுள்ளது. நன்னூலார் வகையிற் கூறுவதாயின் இது கொளல்வினா. தமிழிலும் கூலி உயர்வைக் 'கேட்கிறோம்' என்று சொல்லும் உழைப்பாளரின் வழக்கு இதனோடு ஒத்தது. ஏட்டு வழக்கே அதனைப் பிரச்சினையாக்கியது.

7

1974 செப்டெம்பரில் பேரரசு வீழ்ந்தது. 1975 மார்ச் 4ஆம் திகதிய பிரகடனம் கிராமிய நிலம் முழுவதையும் மக்களின் பொதுவுடைமை என அறிவித்துக் குத்தகை உறவுகளை ஒழித்தது. ஒரு குடும்பம் பயிரிடத்தக்க நிலத்தின் உச்சவரம்பு 10 ஹெக்டேயர் என வரையறுக்கப்பட்டது. தெற்கின் உழவர்களுக்கு, ஹடிய்யா மக்கள் உட்பட, இது உண்மையான விடுதலையின் தொடக்கமாயிற்று என்பதை எந்த மதிப்பீடும் மறந்துவிடலாகாது. 1979இல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம் 15 மொழிகளில் நடைபெற்றது. அவற்றுள் ஹடிய்யாவும் ஒன்று. எதியோப்பிய எழுத்துகளிலே அம்மொழி பரந்த அளவில் கற்பிக்கப்பட்டது. நிலமும் எழுத்தும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அம்மக்களை வந்தடைந்தன.

ஆனால் அவ்விரண்டுக்கும் இடையில் 1977, 1978 ஆகிய ஆண்டுகள் உள்ளன. செம்பயங்கரம் எனப் பெயரிடப்பட்ட அக்காலத்தில் இராணுவ ஆட்சி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அவர்களுட் பெருந்தொகையினர் மாணவர். 'உழுபவனுக்கே நிலம்' என முதலில் முழங்கிய தலைமுறையினர். வினாவை எழுப்பியோர் கொல்லப்பட்டனர். விடை ஆட்சியின் உடைமையாயிற்று. மார்க்சியத்தின் பெயராலேயே இது நிகழ்ந்தது. இதனைச் சூழ்நிலையின் நிர்ப்பந்தம் என்று கூறிக் கடந்து செல்வது மார்க்சிய விமரிசனத்துக்கு இழுக்காகும். விடை சரியாக இருக்கும்போது வினவுவோர் தேவையில்லை என்னும் எண்ணம் எங்கு தோன்றுகின்றதோ, அங்கு மக்கள் மீண்டும் தகவலாளர் நிலைக்கே தள்ளப்படுகின்றனர். எழுத்தறிவு பெற்ற ஹடிய்யா உழவர் தமது மொழியிற் படிக்கலாம். தமது மொழியில் ஆட்சியைக் கேட்கலாகாது. மொழியுரிமை என்பது எழுத்தும் பாடநூலும் மட்டுமே என நினைப்போர் இவ்வனுபவத்தை ஊன்றி நோக்கவேண்டும்.

8

1991இல் இராணுவ ஆட்சி அகன்றது. 1995இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 5ஆம் உறுப்புரை எல்லா எதியோப்பிய மொழிகளுக்கும் அரசின் சமமான அங்கீகாரத்தை வழங்கியது. 39ஆம் உறுப்புரை தேசிய இனங்களின் சுயநிர்ணய உரிமையை ஏற்றது. ஹடிய்யா இலத்தீன் எழுத்துக்கு மாறித் தொடக்கக் கல்வியின் மொழியாயிற்று. ஹொசானாவில் வச்செமோ பல்கலைக்கழகம் இயங்குகின்றது. அம்மொழியின் இலக்கணம் இப்பொழுது எதியோப்பியப் பல்கலைக்கழகங்களிலேயே ஆராயப்படுகின்றது. தரவைக் கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே நாட்டவராக அமையும் இம்மாற்றம் சிறியதன்று.

எனினும் வினா முடிந்துவிடவில்லை. தெற்கின் மக்கள் தனிப் பிராந்தியம் கோரியதை எதியோப்பிய அரசியல் மீண்டும் 'திய்யாக்கே' என்றே பெயரிட்டது. 2019 நவம்பர் 20ஆம் திகதி சிடாமா மக்களிடையே பொதுசன வாக்கெடுப்பு நடைபெற்றது. 98 வீதத்துக்கு மேற்பட்டோர் தனிப் பிராந்தியத்தை ஆதரித்தனர். 2023இல் ஹடிய்யாவை உள்ளடக்கிய மத்திய எதியோப்பியப் பிராந்தியம் உருவாயிற்று. பொதுசன வாக்கெடுப்பு என்பது மேலோட்டமாக நோக்கின் மக்கள் விடையளிக்கும் வினா. இரண்டிலொன்றைத் தெரியும் வினா. அதன் சொல்லமைப்பை அரசு தீர்மானிக்கின்றது, எப்போது கேட்பது என்பதையும் அரசே தீர்மானிக்கின்றது. சிடாமாவில் அது நிகழ்ந்ததற்குக் காரணம், நெடுங்காலமாக மக்கள் அதனைக் கோரிக்கையாகக் கேட்டு நின்றமையே. கீழிருந்து எழுந்த கொளல்வினா மேலிருந்து வந்த அறியாவினாவாக உருமாறிய இந்நிகழ்வில், வெற்றியும் வரம்பும் இணைந்தே உள்ளன.

இதுவரை கூறியவற்றிலிருந்து நாம் பெறத்தக்க முடிவு எளியது. ஒரு மொழியில் வினா எவ்வாறு அமைகின்றது என்பதற்கு விகுதியும் வினாச்சொல்லும் விடையாகா. அவை விடையின் தொடக்கம் மட்டுமே. அவ்வமைப்பை யார், யாரை நோக்கி, எந்த மன்றில், என்ன இடரை ஏற்றுப் பயன்படுத்தினர் என்பதையும் சேர்த்துக் கூறும்போதே விவரணம் முழுமையடையும். இலக்கண ஆய்வும் இலக்கிய விமரிசனமும் தனித்தனி அறைகளில் இயங்கும் நமது பல்கலைக்கழக மரபிலே இது கடினமாகத் தோன்றலாம். ஆனால் மொழியியலாளர் திரட்டிய வாக்கியத்தையும் மக்கள் பாடிய பாடலையும் மாணவர் எழுப்பிய முழக்கத்தையும் ஒரே மேசையில் வைத்து நோக்கினாலன்றி அவற்றுள் எதனையும் நாம் சரிவர அறியமாட்டோம். இவ்வாய்வை நிகழ்த்தும் நாமும் இதுவரை ஹடிய்யா மக்களைப் பற்றியே வினவியுள்ளோம். அவர்களோ நம்மை இன்னும் எதுவும் கேட்கவில்லை. இக்கட்டுரையின் குறைபாடும் அதுவே என்பதை ஏற்றுக்கொள்கின்றோம்.